இல்லாத அத்தைக்குத் தோடம்பழம்

இன்றைக்குப் பொகவந்தலாவை பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ தோடம்பழம் உரித்தார்கள். வாசம் பட்டதும் நீதான் வந்துவிட்டாய் என்று நகர்ந்து இடம் விட்டேன். அடி பாவி, போய் இரண்டு வருஷமாகியும் ஜன்னலோரம் உனக்குத்தான்.

ஆறு நாள் தேயிலைக் கொழுந்தெடுத்த காலுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் சீட்டுதான் மருந்து என்பாய். ஹட்டன் வரை போவோம், அடுத்த பஸ்ஸில் திரும்புவோம். வேறு வேலை எதுவும் கிடையாது. ஆனால் கல்யாணமான இரண்டு பொம்பளைகள் காரணமில்லாமல் பஸ் ஏறினால் லயத்துச் சனம் விடுமா? உன் மாமியார் வாசலிலேயே மறித்துக் கேட்பார்: "யாரப் பாக்கப் போறீங்க ரெண்டு பேரும்?"

அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஓர் அத்தையை நீ உண்டாக்கினாய். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடா போவது? நாலு தோடம்பழம் பைக்கு மேலே தெரியும்படி இருக்கும். நோர்வூட் தாண்டுவதற்குள் அத்தையின் பங்கையும் நாமே தின்றுவிடுவோம். "எறங்க ஒரு எடம் இருந்தாத்தான் ஏறணுமா புள்ள?" என்று கேட்டுச் சிரிப்பாய். மாசக்கணக்கில் குணமாகாத அந்த அத்தையைப் பற்றிக் கண்டக்டருக்கும் தெரிந்துபோனது.

பிறகு நீயே அந்த ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாய். ஞாயிறு மதியம் உன் புருஷன் போன் பண்ணினார். "அக்கா, ஒங்களத்தான் கேக்குறா. சுருக்கா வாங்க."

நோயாளியைப் பார்க்கும் நேரம் ஐந்து மணிவரைதான். பழக்கத்தில் நாலு தோடம்பழமும் வாங்கிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. சரிவுக்கு அந்தப் பக்கம் நின்ற வேனில் ஒரே ஓர் ஆளுக்கு இடமிருந்தது. "அவசரமா போறவுங்க யாரு?" என்று கண்டக்டர் கேட்டார்.

"நான்! ஆஸ்பத்திரிக்கு!"

அவர் என் பையைப் பார்த்தார். "அத்தைக்கு இன்னும் சொகமாகலியாக்கா?" பஸ்ஸே சிரித்தது. "சத்தியமா, எங்கூட வருவாளே, அவதான் படுத்திருக்கா" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். கொழும்பு ரயிலைப் பிடிக்கவேண்டிய ஒருவர் வேனில் ஏறிப் போனார்.

சேற்றில் இறங்கி நடந்தேன், ஓடினேன். சேலை முழங்கால்வரை நனைந்து கனத்தது. ஆஸ்பத்திரி கேட் பூட்டியிருந்தது. கெஞ்சினேன், அழுதேன். நாளைக்கு வரச் சொன்னார் காவல்காரர், சிங்களத்தில், மெதுவாகத்தான். அந்த நாளைக்கு நீ இல்லை. கடைசிவரை "பஸ் வந்துருச்சா?" என்றே கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு என்மேல்தான் கோபம்.

இன்றும் அதே கண்டக்டர். என்னைக் கண்டால் அவர் முகம் தாழ்ந்துவிடும்.

"எங்கக்கா?"

"எங்கயும் இல்ல. ஹட்டன் வரைக்கும் சும்மா போய்ட்டு வாறேன்."

முன் சீட்டுக்காரி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்கிறேன். முதல் ஞாயிறே இதைச் சொல்லியிருந்தால், அந்த வேனில் எனக்கு இடம் கிடைத்திருக்கும்.