செவ்வாய்ச் சேறும் கேன்டீன் ஃப்ரீஸரும்

முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கும் என் வசந்தி அக்காவுக்கு,

நாளைக்கு உன் கல்லூரி பிரின்சிபால் எங்கள் பள்ளிக்கு வருகிறார். அறிவியல் கண்காட்சிக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வருவார், என் மேஜை முன்னாலும் நிற்பார். அப்போது எல்லார் முன்னாலும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள், நான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

முதலில் உனக்கு ஒரு செய்தி. நீ இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடியிருப்பாய். செவ்வாயில் ஓடும் அந்த வண்டி, வற்றிப்போன ஆற்றுப் பாதையில் துளை போட்ட கல் ஞாபகம் இருக்கிறதா? ஃபோனில் படத்தைப் பெரிதாக்கி, "பாருடி, சிறுத்தத் தோலு மாதிரி புள்ளி புள்ளியா" என்று காட்டினாயே, அதுதான். அது இறுகிப்போன சேறாம். அந்தப் புள்ளிகளில் இரும்போடு பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த தாதுக்கள் இருப்பதுபோலத் தெரிகிறதாம். நம் பூமியில் சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் வாழ்ந்து தின்ற இடத்தில் அப்படிப்பட்டவை உண்டாவது வழக்கம். எப்போதோ அங்கே உயிர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். உயிர் இல்லாமலேயும் அப்படி ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவர்களைத்தான் உனக்குப் பிடிக்கும்.

கல்லின் துண்டு ஒரு குழாயில் அடைபட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. இங்கே கொண்டுவந்து பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். கொண்டுவரப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று அமெரிக்காவில் சண்டை போடுகிறார்கள். அவ்வளவு பெரிய நாட்டிலும் சேறு என்றால் காசு இல்லையாம். ஆனாலும் அந்தக் குழாய் கொடுத்து வைத்தது அக்கா. செவ்வாயில் குளிருக்குப் பஞ்சமில்லை. அங்கே யாரும் வந்து ஃப்ரீஸரைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

உன் ஃப்ரீஸரை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பிச்சாவரம் பக்கம், வாய்க்காலின் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரில் வந்து கலக்கும் இடத்தில் நீ பிளாஸ்டிக் குழாயைச் சேற்றுக்குள் இறக்கி எடுப்பாய். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நான் மூக்கைப் பிடித்ததும், "மூக்க வுடுடி. மீன்காரி பொண்ணு நீ, இந்த நாத்தத்துக்கே இப்படியா? உள்ள ஒரு ஊரே குடியிருக்கு" என்றாய். வெளியே எடுக்கும்போது வெளிறிக் கிடந்த ஒரு பொட்டு, காற்று பட்டுக் கொஞ்சநேரத்தில் நீலமாக மாறத் தொடங்கியது. செவ்வாயின் அந்தப் புள்ளிகளில் இருப்பதும் இதற்குச் சொந்தக்காரனாக இருக்கலாம் என்று அப்போதே சொன்னாய். காற்று பட்டால் இப்படி மாறிவிடும் என்பதால்தான் இறுக மூடி, உறைகுளிரில் வைக்க வேண்டும். அதற்காகத்தான் அரசாங்கம் கொடுத்த ஆராய்ச்சிப் பணத்தில் உனக்கு ஃப்ரீஸர் வாங்கினார்கள்.

கல்லூரித் தாளாளர் வீட்டுக் கல்யாணம் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. ஐஸ்கிரீம் வைக்க வேண்டும், ரெண்டே நாள் என்று பிரின்சிபால் உன் ஃப்ரீஸரை எடுத்துக்கொண்டு போனார். உன் குழாய்களை வாளியில் போட்டு வராந்தாவில் வைத்தார்கள். கல்யாணம் முடிந்தது. ஃப்ரீஸர் திரும்பி வரவில்லை. அடுத்த தவணைப் பணமும் வரவில்லை, முதல் தவணைக்கு வாங்கிய சாமான் எங்கே என்று அரசாங்கம் கேட்ட கடிதத்துக்கு அவர் பதிலே அனுப்பவில்லையே. நீ போய்க் கேட்டபோது, "சேத்துல விளையாடுறதுக்கெல்லாம் இனிமே யாரும்மா காசு தருவா? இப்ப டிரெண்டு வேற" என்று சொன்னாராம். நீ அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாய். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு கெடாமல் தப்பிய குழாய்களை ரயிலில் ஏற்றி நம் ஊர் முதுநகருக்கே கொண்டுவந்தாய். அம்மா மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் ஒரு ஓரத்தை உனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். "எம்பொண்ணு சேத்துக்கு என் பெட்டியில எடம் இல்லாமயா?" என்று சங்கரா மீனைத் தள்ளிவிட்டு அடுக்கினாள். அதன் பிறகு நடந்தது நம் வீட்டில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் ஐஸ் இன்னும் சில்லென்று ஆக உப்பைத் தூவுவார்கள். உன் சேறு நன்றாக இருக்கட்டும் என்று அம்மா இரண்டு கை ஜாஸ்தியாகவே தூவிவிட்டாள். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் மூடி இடுக்கு வழியே குழாய்களுக்குள் இறங்கிவிட்டது. எவ்வளவு உப்புக்கு எவ்வளவு நீலம் என்பதுதான் உன் கணக்கு. எல்லாம் கெட்டுப்போனது.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. "அம்மாகிட்ட சொன்ன, கொன்னுடுவேன்" என்று என் காதைத் திருகினாய். மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றாய். ஐப்பசி மழையில், கல்லூரியில் கேட்ட பூட்ஸும் கையுறையும் வராமல், வெறுங்காலோடு அதே சேற்றில் இறங்கினாய். காலில் சிப்பி கீறிய காயம் இருந்தது. காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது அம்மா, "நம்ம வீட்டுல எலியே இல்லியே சார்" என்றாள். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை.

உன் சாமான்களை எடுத்துவர அப்பாவோடு நானும் சிதம்பரம் போனேன். பிரின்சிபால் எங்களை நிற்க வைத்தே பேசினார். பூட்ஸ் கேட்டு நீ எழுதிய கடிதத்தில் உப்பு விஷயத்தையும் எழுதியிருந்தாயாம். "ஆராய்ச்சிச் சேம்பிள கொண்டுபோய் மீன் பெட்டியில வைப்பாங்களா? உங்க வீட்டு உப்புலதாம்பா எல்லாம் போச்சு. இல்லன்னா அந்தப் பொண்ணு மழையில போயிருக்குமா?" என்றார். அப்பாவுக்குப் பாதி புரியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு முழுதாகப் புரிந்தது. பிறகு அவரே பெருந்தன்மையாக அப்பாவுக்குக் கல்லூரி பஸ்ஸில் டிரைவர் வேலை கொடுத்தார்.

திரும்பும்போது அப்பா எனக்குக் கேன்டீனில் ஒரு கப் ஐஸ் வாங்கித் தந்தார். கடைக்காரர் அதை எடுத்த பெட்டியின் பக்கத்தில் பாதி சுரண்டிய ஒரு ஸ்டிக்கர் இருந்தது. "மண் மாதிரிகள். உணவு வைக்காதீர்." உன் கையெழுத்து அக்கா. என் கையிலேயே அந்த ஐஸ் உருகி வழிந்தது. அப்பா, "துன்னு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த ஆள் கேபிள் டிவியில் வருகிறார். செவ்வாயில் இன்று கண்டதற்கான தடயத்தைத் தன் கல்லூரி பிச்சாவரத்துச் சேற்றில் அன்றைக்கே தேடியதாம். அதற்கென்று தனி மையம் திறக்கிறாராம், பணமும் வருகிறதாம். சேறு டிரெண்டாகிவிட்டது. உன் பெயரை அவர் ஒரு தடவையாவது சொல்லுவார் என்று டிவியின் முன்னால் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். நீ என்ன நினைப்பாய்? அவருக்கு வெட்கமாக இருந்திருக்குமா, இல்லை நிஜமாகவே மறந்துபோயிருப்பாரா? இதில் எது மோசம்?

நான் நல்ல பெண்ணாக இல்லை. அவர் கார் ஏசிக்குள் அழுகிய இறாலைத் திணிப்பதுபோல் யோசித்திருக்கிறேன். அவருக்கும் கண் மஞ்சளாக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். பள்ளியில் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, மூன்று கோட்டையை எரித்த சாமியிடம் நாலாவதாக ஒரு விலாசம் கொடுத்துவிட்டு வந்தேன். தோழிகள் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டார்கள்.

கேள்வியை எப்போதோ யோசித்துவிட்டேன். கேட்கத்தான் பயம். அப்பா நேற்று சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "நாளன்னிக்கு சாரப் பாத்தா வணக்கம் வெக்கணும். தேங்க்ஸ் சொல்லணும். அவுரு போட்ட சோறு இது" என்றார். நான் வாயைத் திறந்தால் அந்த வேலை போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் கேட்டால் அவர் உடனே உப்பைச் சொல்லுவார். அம்மாவும் கண்காட்சிக்கு வருகிறாள். தன் கையால் தூவிய உப்புதான் உன்னைத் திரும்பச் சேற்றுக்கு அனுப்பியது என்று அத்தனை பேர் நடுவில் அவளுக்குத் தெரியவரும். உனக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும். இதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் துறைமுகத்தில் அம்மாவுக்கு உதவப் போனேன். பக்கத்தில் மீன் விற்கும் அஞ்சலை அத்தை அம்மாவின் வஞ்சிரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னா அண்ணி, மீனு பஞ்சு மெத்த மாதிரி இருக்கு? உப்பு வெல ஏறிப்போச்சா? ஒரு வருசமா நானும் பாக்கறேன், ஒரு கல்லு உப்பு போட மாட்டேங்கற."

அம்மா ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

அத்தை போனதும், "ஏம்மா உப்பு போடறதில்ல?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போட்டது போதும்" என்றாள்.

அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது அக்கா, அவளுக்குத் தெரியும். அந்த ஆள் சொன்னதை அப்பா வீட்டில் சொல்லிவிட்டாரா? ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வேகத்தில் நீயே உளறினாயா? நான் கேட்கவில்லை. என்னிடமிருந்து அவளும், அவளிடமிருந்து நானும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு ஒரே பாயில் படுத்திருந்திருக்கிறோம்.

"நாளைக்கு நான் அந்தாள ஒண்ணு கேக்கப் போறேன். அப்பா வேல போயிடும்" என்றேன்.

அம்மா வஞ்சிரத்தைத் திருப்பி வைத்தாள். "வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு மீன் லோடு கெடைக்காமயா போயிடும்? நீ சத்தமா கேளு. ஒனக்கு வாய்க்குள்ளயே பேசற பழக்கம்" என்றாள்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அப்பாவை நினைத்தால் அழுகை வருகிறது. பள்ளியில் என்ன செய்வார்கள் என்றும் தெரியாது. ஆனால் அவர் கையில் இருந்த ஒரே கத்தி அம்மாவின் உப்புதான், அதை அவர் எடுப்பதற்கு முன்னால் நானே எடுத்துவிடப் போகிறேன். இதைத்தான் சொல்லப் போகிறேன், ஒரு எழுத்து மாற்றாமல்:

"சார், எங்கம்மா ஐஸுல உப்பு போட்டாங்க. சேறு நல்லா இருக்கட்டும்னு போட்டாங்க. அவுங்ககிட்ட ஃப்ரீஸர் கெடயாது. எங்கக்கா வசந்தி ஆராய்ச்சிக்கு வாங்குன ஃப்ரீஸர் ஒங்ககிட்டதான் இருந்துச்சு. அதுல என்னா சார் வச்சிருந்தீங்க?"

வாய்க்குள் பேச மாட்டேன். ஹாலின் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவர் வேறு மேஜைக்கு நகர்ந்தால் பின்னாலேயே போய்த் திரும்பவும் கேட்பேன். புது மையம் திறக்கும் நாளிலும் கேட்பேன், அவர் பேசும் ஒவ்வொரு மேடைக்குக் கீழேயும் நின்று கேட்பேன். உன் பெயரை அவர் வாயால் சொல்ல வைக்காமல் விடமாட்டேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று உனக்காகக் கண் இமைக்காமல் பார்ப்பேன் அக்கா. சத்தியமாக.

சேற்றில் கால் வைக்கப் பயந்து உன் முதுகில் ஏறிக்கொண்ட உன் தங்கச்சி,
கலை