தண்ணீர் தெளித்து வெட்டியவன்

சுபானு வருஷம், மாசி 9, திங்கள்

காலையிலேயே அனல். வலது கைக் கட்டை அவிழ்த்தார்கள். விரல் மடங்குகிறது. பென்சில் நிற்கிறது. எழுத்து கோணல், போகட்டும்.

இடது கை இல்லை. மணிக்கட்டோடு சரி. இரண்டு காலும் தொடைவரை வெந்த சதை. வாழையிலையில் கிடக்கிறேன், பந்தியில் வைத்த கறி மாதிரி. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. ஈ மொய்க்கிறது.

நடந்தது: அன்னவாசல் தாண்டி, பாலத்தருகே. முன் டயர் வெடித்தது. யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து கரிப்புகையில் ஓடுகிற லாரிதான் ஓட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் கரியடுப்பு. வண்டி கவிழ்ந்தது, அடுப்பு உடைந்தது, கங்கு அத்தனையும் என் மடியில். ஆலங்குடியில் ஏற்றிய கடலை மூட்டைகளும் பற்றிக்கொண்டன. இடது கை கதவுக்கும் பாறைக்கும் நடுவே.

அரிவாளோடு ஒருத்தன் ஓடி வந்தான். கதவை நெம்புவான் என்று நினைத்தேன். கையை வெட்டினான். ஒரே வெட்டு.

பெயர் கருப்பையா. கோயிலில் கிடா வெட்டுகிறவன். எழுந்து நடந்ததும் முதல் வேலை, அவன் கையை எடுப்பது.

மாசி 11, புதன்

கட்டு மாற்றினார்கள். துணியோடு சதையும் வந்தது. ஊரில் உள்ள அத்தனை கெட்ட வார்த்தையும் சொன்னேன். கம்பவுண்டரால் என்னை அமுக்க முடியவில்லை. "யாராச்சும் வந்து பிடிங்கப்பா" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினார். வந்து பிடித்தவன் கருப்பையா.

கடித்தேன். முழங்கைக்குக் கீழே, பல் இறங்கும்வரை. வாயெல்லாம் ரத்தம், உப்பு. அவன் கையை இழுக்கவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

மாசி 12

செல்லம்மா கஞ்சி கொண்டுவந்தாள். "அந்தாளு தெனம் வந்து வெளிய நிக்கிறாருங்க. அவரு இல்லேன்னா என் தாலி இருக்குமா?"

தம்ளரை வீசினேன். அவள் நெற்றியில் பட்டு வீங்கிவிட்டது. அழவில்லை, கஞ்சியைத் துடைத்தாள். மிச்சமிருப்பது இந்த ஒரு கை, அதுவும் பெண்டாட்டியை அடித்த கை. சீ.

மாசி 20, வெள்ளி

இலை வாடல். வேறு இலை மாற்ற மத்தியானம் ஆகிவிட்டது. கருப்பையாவை உள்ளே கூப்பிட்டேன். கடிபட்ட இடத்தில் மஞ்சள் பற்று.

"யாரைக் கேட்டுடா என் கையை வெட்டினே?"

"ஒங்களத்தாண்ணே கேட்டேன்."

"எப்போ?"

"வண்டியில டின்னுல தண்ணி இருந்துச்சு. ஒங்க தலையில தெளிச்சேன். ரெண்டு தடவ தெளிச்சும் அசையல. மூணாந்தடவ தலையச் சிலுப்புனீங்க. பெறகுதாண்ணே வெட்டுனேன்."

கிடாவுக்குச் செய்வது. தண்ணீர் தெளித்தால் அது சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம், இல்லாவிட்டால் அரிவாள் ஓங்கக் கூடாது. தீக்குள் என்னை வைத்துக்கொண்டு முறை பார்த்திருக்கிறான் பாவி.

தண்ணீர் விழுந்தது நினைவிருக்கிறது. உதறியதும்தான். எரிகிறவன் உதறாமல் என்ன செய்வான்?

"நீ காத்திருந்த நேரத்துலதானடா என் கால் வெந்துச்சு."

"ஆமாண்ணே," என்றான். "கேக்காம எப்படி வெட்டுறது? மனுசனாச்சே."

போடா என்றேன்.

பங்குனி 6, ஞாயிறு

புண் ஆறுகிறது. ஆறுவதே வினை. தழும்பு இழுத்து, இரண்டு முழங்காலும் மடங்கி ஒட்டிவிட்டன. நீட்டினால் உயிர் போகிறது. பின்பக்கம் கீறி நீட்டிக் கட்ட வேண்டும் என்கிறார் டாக்டர். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் தவழ வேண்டியதுதான்.

என் மேல் இனி இரும்பு படக் கூடாது என்றேன். மருந்துக் குப்பியைச் சுவரில் அடித்தேன். தவழ்கிறேன். தவழ்ந்தே சாகிறேன்.

பங்குனி 7

மூத்திரத்துக்கு இறங்கித் தவழ்ந்து பார்த்தேன். வாசல்வரைகூடப் போக முடியவில்லை. செல்லம்மா தூக்கினாள். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

பங்குனி 12, சனி

கால் இரண்டும் பலகையில் நேராக. வலி பிடுங்குகிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

வியாழனன்று மேசையில் கிடத்தி, "சம்மதமா?" என்றார் டாக்டர். வெளியே நிற்கிறவனைக் கூப்பிடச் சொன்னேன். வந்தான். கும்பிட்டான்.

"தண்ணி எடுத்துட்டு வா."

அவனுக்குப் புரிந்துவிட்டது. தம்ளரில் மொண்டு வந்தான். மன்னித்தேன் என்று எழுத மாட்டேன், ஆறவில்லை இன்னும். ஆனால் அன்றைக்குத் தீயில் என் உடம்பு சொன்னதை இந்தத் தடவை நானே சொல்ல வேண்டும்.

டாக்டர் கத்தியோடு நின்றார். கருப்பையா தெளித்தான். நான் அசையவில்லை. மறுபடி தெளித்தான். அசையவில்லை. காத்திருந்தான்.

மூன்றாவதற்குச் சிலுப்பினேன்.