இதைவிடக் கஷ்டமானது

மார்ச் 11

வாத்து, தவளை, பெட்டி, கொக்கு. காலையில் வாங்கிக் கொடுத்த காகித மடிப்புப் புத்தகத்தை மாலைக்குள் முடித்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தால் படுக்கை முழுக்கக் காகிதப் பிராணிகள். நடுவில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தபடி என் மனைவி கேட்கிறாள்: "இவ்வளவுதானா?"

எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னது போன வாரம்தான். நாள் முழுக்க பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள். மே மாதம் தாண்டும்வரை இப்படியே படுத்திருக்க வேண்டும். தாண்டிவிட்டால், அப்புறம் முன்கூட்டியே பிறந்தாலும் குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்கிறார். முன்பு இரண்டு தடவையும் ஆறாம் மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

மார்ச் 14

இணையத்தில் காகிதம் மடிப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, கஷ்டமானதாக, நாள்கணக்கில் இழுப்பதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டேன். மடிக்கப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். கோபக்காரி, கெட்டிக்காரி என்று எழுதினேன். காண்டாமிருக வண்டு ஒன்றின் செய்முறையை அனுப்பிவைத்தார். கொம்பு, இறக்கை, ஆறு கால், நூற்றுச் சொச்சம் படிகள். எல்லாம் ஒரே சதுரத் தாளில். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஒரு வாரத்துக்குக் கவலையில்லை.

மார்ச் 16

வண்டு முடிந்துவிட்டது. கால் நுனியில் நகம்கூட இருக்கிறது!

மார்ச் 23

உதவிக்கு வந்திருக்கும் அத்தைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மகள் சோர்ந்துபோவாள் என்று பயம். "பேப்பர மடிச்சு என்ன ஆகப்போகுது மாப்பிள்ளை, நல்லதா நாலு படம் போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். படம் ஓடுகிறது, இவள் கை வயிற்றின் மேல் இருக்கிறது, அசைகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டே. மடிக்கும்போது மட்டும்தான் முகம் மாறுகிறது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி – நெரிசலான முனையில் அவ்வளவு பெரிய பஸ்ஸைத் திருப்பும்போது வரும் அதே முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தானே நான் கவிழ்ந்தேன்.

ஆக, பகலில் சலவைக்கடை, சாயங்காலம் இந்தத் தேடல். ஒன்று புரிந்திருக்கிறது: படி நிறைய இருந்தால் மட்டும் போதாது. செதில், இறகு, முள் என்று ஒரே மடிப்பு திரும்பத் திரும்ப வருவதுதான் நேரத்தைத் தின்னும்.

ஏப்ரல் 5

கிடைத்துவிட்டது. எறும்புத்தின்னி. உடம்பு முழுக்கச் செதில். எப்படி மடிப்பது என்று ஒரு வரி விளக்கம் இல்லை. வலைபோலக் கோடுகள் போட்ட ஒரே ஒரு படம். அதைப் பார்த்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். "யாருங்க இத வரைஞ்சது? அந்த ஆளுக்குக் கிறுக்கா?" என்றாள். சொல்லும்போதே ஆசை தெரிந்தது. சாப்பாட்டு மேசை அளவுக்குத் தாள் வாங்கி வந்தேன். படுத்தபடியே மடிக்க ஒரு பலகையைச் சாய்த்துப் பொருத்தினேன்.

ஏப்ரல் 19

போன தடவை போனது இதே தேதியில். அவள் காலையிலிருந்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 24

மடிக்கிறாள், பிரிக்கிறாள். மறுபடி மடிக்கிறாள், மறுபடி பிரிக்கிறாள். உருவம் எதுவும் வரக் காணோம். தோற்றுத் தோற்றுத் தொடங்குகிறாளோ? கேட்கத் தைரியம் இல்லை. ரொம்பக் கஷ்டமானதைக் கொண்டுவந்துவிட்டேனோ?

ஏப்ரல் 27

என்னைப் போல ஒரு மடையன் இருப்பானா?

மதியம் சாப்பிட வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். தாள் பலகையில் கிடந்தது, கசங்கிக் கசங்கி, பார்க்கவே பாவமாக. புதிதாகத் தொடங்கட்டும் என்று நினைத்தேன். சலவைக்காரன் கை சும்மா இருக்குமா? லேசாகத் தண்ணீர் தெளித்து, மேலே துணி விரித்து, மிதமான சூட்டில் தேய்த்தேன். கடையில் வாங்கிய தாள் மாதிரி ஆகிவிட்டது. பெருமையாக வேறு இருந்தது.

அவை கசங்கல் இல்லையாம். அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் மடித்துப் பிரித்து, தடம் பதித்து வைத்திருக்கிறாள். அந்தத் தடங்கள்மேல்தான் கடைசியில் மொத்தத் தாளும் சுருங்கி உருவம் வரும். மூன்று வார வேலை. தோல்வியும் இல்லை, ஒன்றும் இல்லை.

விழித்துத் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இஸ்திரிப் பெட்டி. கத்தப் போகிறாள் என்று நின்றேன். சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கக் குலுங்க அவள் சிரித்ததில் அத்தை பயந்து ஓடிவந்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"விடுங்க. இன்னும் மூணு வாரத்துக்கு வேலை கெடைச்சிருக்கு. அதுவரைக்கும் இதுவும் உள்ளயே இருக்கட்டும்."

வயிற்றைத் தட்டிச் சொன்னாள். இத்தனை மாதத்தில் குழந்தையைப் பற்றி அவளாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு இப்படிப்பட்டவள் எப்படிக் கிடைத்தாள்?

மே 18

எல்லாத் தடமும் திரும்ப வந்தாயிற்று. முதல் தடவையைவிட இது நேர்த்தி என்கிறாள். இன்று சுருக்கத் தொடங்கினாள். அத்தை ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், மூச்சுக்கூட விடாமல். ஒவ்வொரு செதிலாக எழுந்து வந்தது. தலை, முன்னங்கால், வளைந்த முதுகு. "அடியாத்தி" என்றார் அத்தை. படம் போடச் சொல்லி அதன்பிறகு கேட்கவில்லை.

மே 31

தாண்டியாயிற்று.

ஜூன் 9

எறும்புத்தின்னிக்கு வால் பாக்கி இருக்கும்போது வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ். பெண். கொஞ்சம் முந்திக்கொண்டாள், ஆனால் அழுதாள். என் காதாலேயே கேட்டேன், அழுதாள்.

ஜூன் 12

இன்று குழந்தையை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் துவாரம் வழியாகக் கையை விட்டுத் தொடலாம் என்றார்கள். முதலில் நான் விட்டேன். நடுக்கத்தில் குழாயை இழுத்துவிடுவேனோ என்று உடனே வெளியே எடுத்துவிட்டேன்.

அவள் விட்டாள். குழந்தையின் தொப்பி நழுவி, ஒரு காது மடங்கிக் கிடந்தது. என் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிய காது. எந்தக் குழாயிலும் படாமல், இரண்டு விரல் நுனியால் தொப்பியின் ஓரத்தைத் தூக்கி, காதை நிமிர்த்தி, மறுபடி இறக்கிவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், வருகிற அம்மாக்கள் எல்லோரும் தொடவே பயப்படுவார்கள் என்றார்.

"உங்களுக்குக் கை நடுங்கவே இல்லையே. முதல் குழந்தையாம்மா?"

நான் தலையாட்டப் போனேன்.

"மூணாவது" என்றாள் அவள், கையை வெளியே எடுக்காமல்.