தீ இல்லத்தார் பொய் சொல்ல மாட்டார்களாம்

நவ. 6, வியாழன்

மழை. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. அப்பாவுக்கு ஃபாக்டரியில் ஓ.டி.

போனில் மாயப்பள்ளித் தொடர்கதை வாசகர் குழுவில் இன்றும் அடிதடி. கதையில் நாலு இல்லம்; ஆன்லைனில் டெஸ்ட் எழுதினால் நமக்கு எது என்று வரும். தீ என்றால் துணிச்சல், நேர்மை. மண், விசுவாசம். காற்று, புத்தி. நிழல் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இல்லமும் ஏரியாவும்தான் பெயர். நான் மண்-சேக்காடு. காலேஜில் என் பக்கத்து சீட் ஜனனி, தீ-குமணன்சாவடி.

இல்லத்தை வைத்து ஆளை எடை போடலாமா என்று சண்டை. போடலாம் என்று பத்தி பத்தியாக எழுதியது தீ-அம்பத்தூர். "தீ இல்லத்துக்காரனுக்குப் பொய்யே வராது" என்றார். ஜனனி ஹார்ட்டாகப் போட்டுத் தள்ளினாள். நிழல்-ஆவடி மட்டும், "டெஸ்ட்ல தீ வந்தா யோக்கியனா?" என்று கேட்டது. எல்லோரும் சேர்ந்து வாயை அடைத்தார்கள். நானும் சிரிப்பு பொம்மை போட்டேன்.

நவ. 7, வெள்ளி

தூறல். மாவு புளித்துவிட்டது.

பஸ்ஸில் ஜனனி காதோடு சொன்னாள்: "ஞாயித்துக்கெயம அயனம்பாக்கம் ஏரியாண்ட தீ-அம்பத்தூர மீட் பண்றேன். தனியா வரச் சொல்லிகீறாரு."

"மூஞ்சியாவது பாத்திருக்கியா?"

"இன்னாத்துக்குடி மூஞ்சி? அவரு தீ. பொய் சொல்ல மாட்டாரு. நீ மண்ணு, காட்டிக் குடுக்கக் கூடாது." கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இல்லம் சொல்லும் டெஸ்ட்டைப் பிடித்தது வரும்வரை எத்தனை தரமும் எழுதலாம். எனக்கே முதலில் நிழல்தான் வந்தது. அழுதுவிட்டு மறுபடி எழுதி மண் வாங்கினேன். அப்படியானால் அவனும்? ஐயோ.

நவ. 8, சனி

மழை விட்டது. கொசு.

தீ-அம்பத்தூரிடமிருந்து எனக்கே தனியாக மெசேஜ். "ஜனனி உன்கிட்ட சொல்லிட்டாளாமே. சேக்காடுன்னா குவார்ட்டர்ஸ்தானே? எந்த பிளாக்?"

பதில் போடவில்லை. போனைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பெயரிலிருந்து சேக்காட்டை எடுத்தாயிற்று. இனி எடுத்து என்ன பிரயோசனம்.

அம்மா திருநெல்வேலியை விட்டு வந்தும் ஊர்ப் பேச்சை விடவில்லை. "ஏட்டி, பேயடிச்ச மாதிரி நிக்க? என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லம்மா."

சத்தியத்தை மீறினால் ஜனனி என்னை விட்டுவிடுவாள். மீறாமல் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

நவ. 9, ஞாயிறு

மறுபடி மழை. அம்மாவிடம் கொட்டிவிட்டேன். தீ, மண், சத்தியம், எல்லாம்.

"தீயும் மண்ணும் கெடக்கட்டும். அந்தப் பிள்ள இப்ப எங்க?"

ஜனனி அம்மாவுக்குப் போன். "டியூசன்னு கெளம்பிட்டாளேம்மா!" என்று அலறல். அவர் அந்தப் பக்கமிருந்து, நாங்கள் இந்தப் பக்கமிருந்து, ஆட்டோ.

ஏரிக்கரையில் ஜனனி குடையோடு. எதிரே பைக்கில் ஹெல்மெட் கழற்றாத ஆள். எங்களைக் கண்டதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓட்டம். காலேஜ் பையன் என்று சொல்லியிருந்தானாம். கை முடி நரைத்திருந்தது.

"காட்டிக் குடுத்துட்டல்ல? நீயெல்லாம் மண்ணா? இனிமே உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்." ஜனனி கத்தினாள். மத்தியானம் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். அழுதேன். ஆனாலும் திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே.

சாயங்காலம் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "அவன் மெசேஜ் பண்ணிகினே கீறான்டி. வண்டி நம்பர நீ பாத்தியான்னு கேக்குறான். உன் ஊடு எதுன்னு கேக்குறான். செத்தாலும் சொல்ல மாட்டேன். பயமா கீதுடி."

ஜனனி வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "எனக்கும்" என்று அனுப்பினேன்.

அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்; உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். வழியில் ஜனனியையும் ஏற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போகப் போகிறோம். வண்டி நம்பரில் கடைசி இரண்டு எண்தான் எனக்கு ஞாபகம். கால் செருப்புக்குள் போக மாட்டேன் என்கிறது. அம்மா குனிந்து மாட்டிவிடுகிறாள்.