பதினேழாம் இலக்கக் காடை

அம்பிட்டிய,
12.02.2025

அன்புள்ள கோசலா அக்காவுக்கு,

மெல்போர்ன் வெயில் உங்களை வாட்டாதிருக்கட்டும். இங்கே மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. ஆய்வுகூடத்தில் நீங்கள் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் சோதனையை மறுபடி செய்தேன். காடைக் குஞ்சின் தோலுக்கடியில் ஈஸ்திரஜன் ஓமோன் குளிசை இருக்கும்வரை, முட்டைக்குழாயில் வெள்ளைக்கருவுக்கான தூது ஆர்.என்.ஏ. பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. குளிசையை எடுத்துவிட்டால் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடுகிறது. சிதையும் வேகம் மாறாது என்று நம் கட்டுரையில் இருக்கிறதே, அது பிழை அக்கா.

பதினேழாம் இலக்கக் காடை நினைவிருக்கிறதா? எடுக்கும்போது குளிசை உடைந்து பாதி உள்ளேயே நின்றதே?

உங்கள்
பிரேமிளா

மெல்போர்ன்,
01.03.2025

அன்பின் பிரேமிக்கு,

மின்னஞ்சலில் எழுதாமல் விட்டாயே, அதற்கு நன்றி. இதை வாசித்ததும் கிழித்துவிடு.

அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் நேர்முகம். அந்தக் கட்டுரையை நம்பித்தான் நிற்கிறேன். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை உன்னை ஆய்வுகூடத்துக்குள் கூட்டிவந்தது யார் என்று மறந்துவிட்டாயா? குஞ்சு வேறு, தீன் வேறு, அதனால் முடிவும் வேறு என்று எழுதி முடி. எனக்காக.

கோசலா அக்கா

அம்பிட்டிய,
18.03.2025

அக்கா,

கிழிக்கவில்லை.

கூட்டிவந்தது நீங்கள்தான். சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்காகப் பொய் எழுதவும் மாட்டேன்.

"பாதி உள்ளயே நிக்குதுக்கா" என்று அன்றைக்கே சொன்னேன். "விடு பிரேமி, அது தன்ரபாட்டில கரைஞ்சிடும்" என்றீர்கள். கரையவில்லை. அந்தத் துண்டு ஓமோனை விட்டுக்கொண்டே இருந்தது, ஆர்.என்.ஏ.யும் சிதையாமல் நின்றது. அதைப் பார்த்துத்தான் வேகம் மாறவில்லை என்று எழுதினோம்.

கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எவ்வளவு முறைத்தாலும் என் அம்மா தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். லயத்தை ஞாபகப்படுத்தினீர்கள், இதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள்.

திருத்த அறிவிப்பு இத்துடன் இருக்கிறது. குளிசையை உடைத்தவள் நான் என்று முதல் வரியிலேயே எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். உங்கள் இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மே முதலாம் திகதி சஞ்சிகைக்கு அனுப்புவேன்.

அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் அனுப்புவேன்.

பிரேமிளா

மெல்போர்ன்,
14.04.2025

பிரேமிளாவுக்கு,

கையெழுத்து வைத்திருக்கிறேன். நேர்முகத்திலும் சொல்லிவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அறிவிப்பில் ஒன்றைத் திருத்து. பதினேழு மட்டுமில்லை, பத்தொன்பதிலும் துண்டு நின்றது. அந்தக் குளிசையை எடுத்தவள் நான்.

கோசலா