பதினொரு தரம் அழைத்த அப்பா

டோஹா, ஞாயிறு

அன்புள்ள கொன்ஸ்ரன்ஸுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். நீரும் மகளும் சுகமா? உம்முடைய முழங்கால் வலி எப்படி? போனில் கேட்டால் பரவாயில்லை என்பீர், பதில் கடிதத்திலாவது உண்மையை எழுதும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதேயும். வழக்கம்போல உங்களோடு செபமாலை சொல்ல வீடியோவில் அழைத்தேன். பதில் இல்லை. பதினொரு தரம் அழைத்தேன். கொட்டாஞ்சேனை வீட்டில் என்ன நடந்ததோ என்று பயந்துபோனேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் சாமினி எடுத்தாள்.

"அப்பா, போனை அலுமாரிக்குள்ள வச்சிட்டு அம்மாவோட கரம்போட் விளையாடினனான். நேரம் போனதே தெரியேல்ல."

ஏசினேன். அவள் விடவில்லை. "போனைக் கையை விட்டு வைக்காத எண்டு சொன்னதும் நீங்கதான், எந்த நேரமும் போனோ எண்டு ஏசுறதும் நீங்கதான்."

பதினான்கு வயதில் பிள்ளை போனே கதியென்று கிடக்கிறாள் என்று நீர் அழுதபோது, வளர்ப்புச் சரியில்லை என்று உம்மைக் குற்றம் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் அவளோடு கோபிக்கிறவன் நான்தானே? வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவளுக்குப் போனை மறக்கவும் தெரிகிறது என்றதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

இனிச் செபத்துக்கு எனக்காகப் போனைத் திறந்து வைக்கவேண்டாம். நான் இங்கே தனியாகச் சொல்கிறேன். என் செபமாலை அறுந்துவிட்டது, வேறொன்று அனுப்பும். சோற்றோடு சாப்பிடக் கொஞ்சம் சீனிச்சம்பலும்.

லீவில் வரும் என் அறைத்தோழன் ஹியூபேட்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறான். பையை மூடப்போகிறான், முடிக்கிறேன். சாமினியை எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லும். உடனே வேண்டாம். அவன் திரும்பி வர ஒரு மாதம் இருக்கிறது, ஆறுதலாக எழுதட்டும்.

உமது,
மெல்ரோய்