உயர்த்திக் கட்டிய பிக்கப்

சகலை,

இன்று காலை மகனுடைய ஒர்க் ஷாப்பில் ஒரு பழைய ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இப்போது அங்கே வேலை எதுவும் இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். பட்டைகளை இறுக்கியிருந்த போல்ட் விட்டதும், வருஷக்கணக்கில் உள்ளே அடைந்து கிடந்த சேறும் துருவும் காய்ந்த கிரீஸும் கலந்த ஒரு வாசனை குப்பென்று கிளம்பியது. உடனே நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பற்றவைக்காத பீடியை உதட்டில் ஒட்டிக்கொண்டு, "இன்னா சகல, இன்னும் அத்தயே பாத்துகினு இருக்க? ஜல்தியா கழட்டு" என்றாய். திரும்பிப் பார்த்தேன். மகன்தான் நின்றிருந்தான். "இன்னாப்பா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

தறிக்காரர் வீட்டு அக்காவை நான் கட்டினேன், தங்கையை நீ கட்டினாய். அந்தத் தெருவில் தறி ஓட்டத் தெரியாத மாப்பிள்ளைகள் நாம் இருவர்தான். எனக்குப் போளூர் ரோட்டோரம் ஒரு கொட்டகையும் வெல்டிங் மெஷினும், உனக்கு ஒரு ஸ்டீரிங்கும் இருந்தன. மாமனார் வாசலிலேயே நம்மை நிறுத்திவிடுவார். "ரெண்டு மாப்ளையும் கிரீஸ் கையோட உள்ள வந்தீங்கன்னா என் பட்டு இன்னாத்துக்கு ஆவும்?" என்பார். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினால்தான் சாப்பாடு. நீ வேண்டுமென்றே ஒரு நகத்தில் கறுப்பை விட்டு வைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டுவாய். உன் பெண்டாட்டி கமலா உள்ளேயிருந்து சிரிப்பை அடக்க முடியாமல் தறியை நிறுத்திவிடும்.

உன்னுடைய பிக்கப் சர்க்கார் ஏலத்தில் எடுத்தது. என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாத அளவுக்கு வெயில் தின்ற வண்டி. அதில் ஊருக்குள் நூல் மூட்டை ஏற்றுவாய். சந்தை நாளில் ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் போளூருக்கு இறக்குவாய். ரோடு முடிந்த பிறகும் மலையில் எந்த வழியாகப் போகலாம், எந்த ஓடையில் எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. அதனால்தான் மெட்ராஸிலிருந்து மோட்டார் கிளப்காரர்கள் பழைய வண்டிகளுக்கு மலையடிவாரத்தில் போட்டி வைக்க இடம் பார்க்க வந்தபோது, வழி காட்ட உன்னைக் கூப்பிட்டார்கள். நாளெல்லாம் அவர்களோடு சுற்றினாய். போகும்போது அவர்களில் ஒருவர் உன் வண்டியின் பானட்டைத் தட்டி, "இது சந்தைக்குத்தான் லாயக்கு, இல்லையா?" என்று சிரித்தாராம்.

சாயங்காலம் கொட்டகைக்கு வந்து நின்றாய். "பேர் குடுத்துட்டேன் சகல" என்றாய்.

"எதுக்கு?"

"போட்டிக்கு. உன்னக் கேக்காமயே உம்பேரையும் சேத்து குடுத்துட்டேன். பக்கத்துல ஒரு ஆளு குந்திகினு வரணுமாம்."

எண்பதுகளின் தொடக்கம் அது. இப்போது போல எதுவும் கடையில் கிடைக்காது. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். ஆக்ஸிலுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து ஆக்ஸிலுக்கு மேலே வைத்துக் கட்டினோம். வண்டி ஒரு சாணுக்கும் மேலே உயர்ந்தது. ஒவ்வொரு பட்டையையும் தேய்த்து, கிரீஸ் தடவி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்படி அடுக்கினோம். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினாலும் மற்ற மூன்றும் தரையை விடக்கூடாது என்பது உன் கணக்கு. கமண்டல நாகநதி வறண்டு கிடந்தது. அந்த மணலில்தான் முதல்முதலாக ஓட்டிப் பார்த்தாய். இறங்கி வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"வண்டிக்குப் பேய் புட்சிகிச்சி சகல! பள்ளத்துல வுழுந்தா தானா திரும்புது. நான் ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போவுது!"

வண்டியை உயர்த்தியதால் ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி சரிந்துபோயிருந்தது. ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் அந்தக் கம்பி சக்கரத்தைத் தள்ளிவிட்டது. கம்பி படுக்கையாக நிற்கவேண்டுமானால் சக்கரத்தோடு அது சேரும் இரும்புக் கையை உயரமாகச் செய்ய வேண்டும். ஸ்டீரிங்கில் வெல்டிங் மட்டும் வைக்கக்கூடாது என்பதில் நாம் இருவரும் ஒரே பிடிவாதம். முழு இரும்பைக் காய்ச்சி அடித்து, வேலூர் லேத்தில் கொடுத்துத் துளை போட்டு வாங்கிவந்து மாட்டினோம். பாறையில் மோதும்போது ஸ்டீரிங் திமிறி உன் கட்டைவிரலை உடைக்காமல் இருக்க, ஒரு மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரைக் குறுக்கே பொருத்தினேன். பேய் ஓடிவிட்டது. நீ சொன்ன இடத்துக்குப் போயிற்று வண்டி.

ஆனால், "எல்லாம் சரி சகல. ஸ்டீரிங் மட்டும் ஹெவியா கீது" என்றாய்.

என் வேலையில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஸ்டீரிங் பெட்டியைத் திறந்தேன். பேரிங் மாற்றினேன். முன்சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தேன். டயரில் காற்றைக் கூட்டினேன். ஒவ்வொரு முறையும் ஆற்றுக்குப் போய் ஓட்டிவிட்டு, உதட்டைப் பிதுக்குவாய். "முன்னய விட ஹெவியா கீது." எனக்குக் கோபம் வந்தது. "உனக்கு எத்த செஞ்சாலும் புடிக்காது" என்று ஸ்பேனரை வீசி எறிந்தேன். அதற்கும் சிரித்தாய்.

ஒரு நாள் காலையில் தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழைகள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கட்டி நின்றால் சைக்கிள்கூடப் போக முடியாது. உன் வீட்டிலிருந்து நீ சுற்றிக்கொண்டு நடந்து வரவேண்டியிருந்தது. அதனால் கொட்டகையிலிருந்த பிக்கப்பை நானே ஆற்றுக்கு ஓட்டிப்போனேன். அத்தனை நாளில் அதை நான் ஓட்டியதே இல்லை. கட்டுவேன், நீ ஓட்டுவாய், அதுதான் வழக்கம். மணலில் இறங்கி ஒரு வட்டம் அடித்தேன். ஸ்டீரிங் பூப்போல இருந்தது. ஒற்றை விரலால் திருப்பினேன். திரும்பியது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ மணலில் நடந்து வந்தாய். உன் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

"எப்பலேந்து இப்டி?"

"கொஞ்ச நாளா. சட்டைக்கு பட்டன் கமலாதான் போடுது." கையை இழுத்துக்கொண்டாய். ஆற்றைப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "ஸ்டீரிங் லைட்டாத்தான் கீதா?"

நானும் ஆற்றைப் பார்த்தேன்.

வேலூரில் பெரிய டாக்டரிடம் போனோம். அவர் ஊசியால் குத்திப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நரம்பு நோய் என்றார். சதை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே போகும் என்றார். "எப்ப சரியாவுங்க?" என்று கமலா கேட்டது. அவர் நல்ல மனுஷர். அதன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்: "இதுக்கு மருந்து இன்னும் வரலம்மா." கமலா அதே கேள்வியை மறுபடியும் கேட்டது. அவர் மறுபடியும் அதே பதிலைச் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய். கண்ணமங்கலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாய். "போட்டிக்குப் போறோம் சகல. அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல."

சில நாள் கழித்துக் கமலா என் கொட்டகைக்கு வந்தது. அதற்கு முன் அது அங்கே வந்ததே இல்லை. "மாமா, நீங்க சொன்னா அவுரு கேப்பாரு. போவேணாம்னு சொல்லுங்க" என்றது. சரி என்றேன். அது போகவில்லை. பிக்கப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணாம் மாமா, சொல்லாதீங்க. அவுருக்கு வேற இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

உன் கைக்காக என்னால் செய்ய முடிந்ததெல்லாம் வண்டியில்தான். லாரியின் பெரிய ஸ்டீரிங் சக்கரத்தைக் கொண்டுவந்து பிக்கப்பில் பொருத்தினேன். சக்கரம் பெரிதானால் பலம் குறைவாகப் போதும். ஒற்றைக் கையால் சுழற்றுவதற்கு அதில் ஒரு குமிழ் வைத்தேன். நீ ஏறி உட்கார்ந்து இடது கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தோட வுட்டுரு. இதுக்கு மேல போனா வண்டி என்னக் கேக்காமயே ஓடும்" என்றாய்.

போட்டிக்கு வந்தவர்கள் யாருக்கும் உன் கை விஷயம் தெரியாது. ஓட்டுகிறவர் மட்டும்தான் ஸ்டீரிங்கைத் தொடலாம், பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லலாம், கை வைத்தால் வெளியேற்றம். அதுதான் விதி. புறப்படும் முன் நீ என்னைப் பார்த்தாய். "இன்னா ஆனாலும் தொடாத சகல. தொட்டன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

ஓடையில் இறங்கினோம். என்ன ஓட்டு ஓட்டினாய்! முன்சக்கரம் ஒன்று பாறைமேல் ஏறி நிற்கும், மற்றது குழிக்குள் தொங்கும், நாம் இருவரும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருப்போம். இடது கை குமிழைச் சுழற்றும். வலது முன்கை சக்கரத்தை அழுத்திப் பிடித்திருக்கும். புதிய டயர் போட்டு வந்த வண்டிகள் சிக்கி நின்ற சேற்றில் நீ ஓரமாக நுழைந்து வெளியே வந்தாய். ஜனம் விசிலடித்தது. மலைக்காரர்கள் உன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

கடைசி ஏற்றத்தில் ஒரு பாறையைச் சுற்றி வலப்பக்கம் முழுக்கத் திருப்பி, உடனே நேராக்க வேண்டும். வலப்பக்கம் திருப்பிவிட்டாய். நேராக்க முடியவில்லை. வியர்வையில் இடது கை குமிழைவிட்டு வழுக்கியது. முன்சக்கரம் மேட்டில் போய் முட்டி நின்றது. மறுபடி பிடித்து இழுத்தாய். வரவில்லை. முழங்கையை வைத்துத் தள்ளினாய். நெஞ்சை வைத்து அழுத்தினாய். "சகல..." என்று நான் ஆரம்பித்ததும், "தொடாத" என்றாய். என் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டேன். எட்டினால் தொடும் தூரத்தில் ஸ்டீரிங். என் ஒற்றை விரல் போதும் அதற்கு. "லெஃப்ட்ல ஒடிப்பா! ஒடி!" என்று மேலேயிருந்து யாரோ கத்தினார்கள். விசில் வைத்திருந்த நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுழல்கிறது, இந்த ஆள் ஏன் நேராக்க மாட்டேன் என்கிறான் என்பது போலப் பார்த்தார். நேரம் முடிந்ததும் ஊதினார்.

நீ சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாய். அதற்கும் இடது கையைத்தான் நீட்டினாய்.

"வண்டி நல்லா கீது சகல" என்றாய். "வண்டில ஒரு கொறையும் இல்ல."

குறை இருக்கிறது என்று நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இருந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிரித்து மாட்டியிருப்பேன்.

அடுத்த மழைக்குள் இடது கையும் போயிற்று. பிறகு கால். வேலூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போக முடியாமல் ஆனது. பிக்கப்தான் ஒரே வழி. ஆனால் அதை நாம்தானே அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருந்தோம்! தெருக்காரர்கள் சேர்ந்து உன்னைத் தூக்கி ஏற்றியபோது உன் தலை கதவின் மேல்சட்டத்தில் மோதியது. கமலா போட்ட சத்தத்தில் தெருவில் தறிகள் நின்றுபோயின. நீ, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று குழறினாய். உன் நாக்கு அப்போதே தடுமாற ஆரம்பித்திருந்தது.

அந்த வாரமே வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். உன்னையும் நாற்காலியோடு கொண்டுவந்து நிழலில் உட்கார வைத்திருந்தார்கள், நீ கேட்டதால். உன் கண் முன்னாலேயே ஆக்ஸிலுக்கு மேலே இருந்த பட்டைகளைப் பிரித்து மறுபடி கீழே வைத்துக் கட்டினேன். வழியில் உன் உடம்பு குலுங்கக் கூடாதென்று சில பட்டைகளை எடுத்துவிட்டேன். ஸ்டீரிங்கின் உயரமான இரும்புக் கையைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஜாக்கியை எடுத்ததும் வண்டி தணிந்து நின்றது.

"எறக்கிட்டியா" என்றாய்.

"ஆமா சகல."

வேறு என்னவோ சொல்ல வந்தாய். வாய் அசைந்தது, எனக்கு விளங்கவில்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். அப்போதும் விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன். நான் புரிந்துகொள்ளவில்லை என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாய். நீ சொன்னது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு வேலூருக்குப் போகும்போதெல்லாம் உன்னைத் தூக்கி வண்டியில் வைத்தது நான்தான். முதல் தடவை, பழைய உன்னை மனதில் வைத்துக்கொண்டு, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். கியர் பாக்ஸைத் தனியாக நெஞ்சில் அணைத்துக் கொண்டுவந்து வைத்த ஆள் நீ. நான் போட்ட பலத்துக்கு நீ சட்டென்று என் தோளுக்கு மேலே வந்துவிட்டாய். தடுமாறிப் பின்னால் சாய்ந்தேன். கமலா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த கோடை முடியும் முன்பே நீ போய்விட்டாய். வண்டியை வந்தவாசிப் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். கமலா தறியில் உட்கார்ந்து உங்கள் பெண்ணை ஆளாக்கியது. நன்றாக இருக்கிறது. உன்னைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

சகலை, ஆயுசெல்லாம் இரும்பு தூக்கியவன் நான். எஞ்சின், ஆக்ஸில், டயர் என்று இந்தக் கை தூக்காதது இல்லை. ஆனால் நீ போனதிலிருந்து எதைத் தூக்கக் குனிந்தாலும், மருமகள் கையிலிருந்து பேரப்பிள்ளையை வாங்கும்போதுகூட, ஒரு கணம் என் கை நின்றுவிடுகிறது. கனமாக இருக்க வேண்டுமே என்று இருக்கிறது.